கயிறு பிடித்து நட்ட கோரை

சீதாலெட்சுமி தன் கையைப் பங்சாரில் ஒரு கடைக்குள் பார்த்தாள்.

ஐந்து மாடி ஆபீஸ் ஒன்றைக் கூட்டித் துடைத்துவிட்டு அவளும் சாந்தமேரியும் கீழே இறங்கிய நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்ற இடம் ஒரு காய்கறிக் கடை. கீரைக்கு ஏர்கோன் போட்டு, பெட்டியில் அடைத்து விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரே படம். கறுத்த இரண்டு கைகள் ஒரு பிடி தண்டுக்கீரையை ஏந்திக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. மற்ற நகங்கள் வெளுத்துப்போய் விளிம்பு பொரிந்திருந்தன. பதினேழு வருஷம் செம்பனைக் காட்டில் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்த கைக்குத்தான் நகம் அப்படிப் போகும்.

"சீதா, இது ஒன் கைடி," என்றாள் சாந்தமேரி.

"தெரியுது. என்னா எழுதியிருக்கான்?"

சாந்தமேரிக்கு எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்க வரும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "நல்லமண் அர்பன் ஃபார்ம், கிள்ளான். அன்பான கைகள் வளர்த்தது, மருந்தே தொடாத கீரைன்னு போட்டிருக்கான்லா."

"அன்பான கை!"

"சத்தம் போடாத. உள்ள இருக்கிற பொண்ணு பாக்குது."

"பாக்கட்டுமே. கைய நீட்டிக் காட்டவா? ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்கட்டும். நெலத்த எடுத்துக்கிட்டான், எங்க வூட்டு மனுசன் தூக்கத்த எடுத்துக்கிட்டான், கைய மட்டும் எதுக்கு வுட்டுவச்சான்னு நெனச்சேன். அதையும் எடுத்துப் பெட்டியில ஒட்டிட்டான் பாவி!"

மழை விட்டும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாந்தமேரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரயிலில் ஏற்றினாள். கிள்ளான் வரைக்கும் சீதாலெட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று சாந்தமேரிக்குத் தெரியும். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே கும்பலில் புல் பிடுங்கியவர்கள் அல்லவா இருவரும்?

அந்தத் தோட்டத்தை விற்றபோது சனங்களை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து கிள்ளானில் இந்த மலிவு விலை பிளாட்டில் கொட்டினார்கள். லிப்ட் இருக்கிறது, ஓடினால்தான் அதிசயம். பின்னால் பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு நீளத் துண்டு நிலம், கிழிந்த மெத்தையும் உடைந்த டிவியும் குவிந்து கிடந்தது. நோய்க்குப் பயந்து ஊரையே பூட்டிப் போட்ட காலத்தில் பிளாட்டு சன்னல்களில் வெள்ளைத்துணி கட்ட ஆரம்பித்தார்கள். வீட்டில் அரிசி இல்லை என்று அதற்கு அர்த்தம். முதல் நாள் மூன்று துணி, மறுவாரம் எண்ண முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் சீதாலெட்சுமியின் புருஷன் பரமேஸ்வரன் அந்தக் குப்பையில் இறங்கினான். இறங்கினான் என்று சொல்லலாமா தெரியவில்லை. சர்க்கரையில் இடதுகால் முட்டிக்குக் கீழே போய் அப்போதுதான் ஆறுமாசம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழைய பலகைகளை அடித்து, நாற்காலி உயரத்துக்குப் பெட்டி கட்டினான். ஒன்பது பெண்கள் குப்பையை அள்ளினார்கள். பூக்கடைகளில் வாடிப்போன மாலைகள், காய்கறிப் பாசாரில் கழித்துப்போட்ட கோஸ் இலை, கோயிலில் உடைத்த தேங்காய் நார் எல்லாம் சேர்த்து மக்கவைத்து, இரண்டு வருஷத்தில் கைவிட்டால் மணிக்கட்டுவரை இறங்குகிற மண்ணாக ஆக்கிவிட்டார்கள்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு இரும்பு அலமாரி. தண்டுக்கீரை, பசலை, கங்கோங் கீரை, பாவக்காய் எது வந்தாலும் காலையில் அதில் வைத்துவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுக்கிறார்கள் என்று எவரும் நின்று பார்க்கக்கூடாது. அது பரமேஸ்வரன் போட்ட சட்டம். முதல் நாள் முதல் ஆளாக வந்து பையை நிரப்பிக்கொண்டு போனது யார் என்றா கேட்கிறீர்கள்? இரண்டாம் மாடி இராஜம்மா. பிற்பாடு அந்த நிலத்தைப் பறித்த சுகுமாறனைப் பெற்றவள்.

சுகுமாறன் அந்தத் தோட்டத்து மண்டோரின் மகன். கூலிகளை விரட்டி வேலை வாங்கிய மண்டோர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, மிடுக்கு மட்டும் மகனிடம் தங்கிவிட்டது. தாயைப் பிளாட்டில் விட்டுவிட்டு அவன் வேறு இடத்தில் பெரிய வீட்டில் இருந்தான். ஆனாலும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், ஊர்கூடிச் செய்கிற வேலை என்று கூப்பிட்டு எல்லாரையும் கால்வாய் சுத்தம் செய்ய வைத்தான். வந்தவர்களுக்குச் சாப்பிட ரொட்டி சானாய், குடிக்கப் பாக்கெட் தே. "அக்கா, வந்தவங்க எல்லாம் ஒரு கையெழுத்துப் போடுங்க, வருகைக்கு" என்று தாளை நீட்டினான். நாற்பத்திரண்டு பேர் போட்டார்கள். சீதாலெட்சுமியின் கையை வேறு படம் எடுத்துக்கொண்டான். அந்த வருகைத்தாளின் தலையில் நாலு வரி ஒட்டி, இந்த நிலத்தைச் சுகுமாறனின் நல்லமண் கம்பெனி நடத்தச் சம்மதிக்கிறோம் என்று ஆக்கிவிட்டான். இரண்டு மாசத்தில் வேலி வந்தது, கேட் வந்தது, பூட்டு வந்தது. பரமேஸ்வரன் கட்டிய பெட்டிகளை உடைத்துப் போட்டு மண்ணைத் தரையில் இழுத்து நீளப் பாத்திகள் ஆக்கினார்கள். கேட்கப் போனவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது.

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அன்றிலிருந்து அலமாரி காலி. பரமேஸ்வரன் மூன்றாம் மாடிச் சன்னலை விட்டு அசைவதில்லை. காலையில் பசியாறக் கூப்பிட்டால் அரை ரொட்டி, மத்தியானம் கூப்பிட்டால் தலையாட்டல். கிளினிக்கில் நர்ஸ் வலதுகால் விரலிடுக்கில் ஒரு புண்ணைக் காட்டி, "ஆன்டி, இவர் இப்படியே உக்காந்திருந்தா இந்தக் காலும் போயிரும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

பெட்டியில் கையைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம் எதையும் சொல்லவில்லை. ரசம் வைத்தாள். அவன் தொடாமல் வைத்த தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவும்போது நகமில்லாத கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுமாறன் நாசமாகப் போகவேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும், அதுவும் இந்தக் கையாலேயே நடக்கவேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துக் காப்பாருக்குப் போனாள். பழைய நர்சரி இருந்த இடம் அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். செம்பனைக் கன்றுகளைக் கறுப்புப் பைகளில் வளர்த்த இடம் அது. ஒரு வருஷம் அங்கே கோரை விழுந்தது. இருபது பெண்கள் எட்டு மாசம் குனிந்து பிடுங்கியும் தீராமல், துரை வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு நர்சரியையே மூடச் சொல்லிவிட்டுப் போனார். புல்லை அறுத்தால் பக்கத்தில் இரண்டு வரும். மருந்தடித்தால் தலை கருகும், கிழங்கு கீழே சிரித்துக்கொண்டு கிடக்கும். பிளாஸ்டிக் போட்டு மூடினால் ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வரும். சாலையோரத்தில் உட்கார்ந்து மத்தியானம்வரை தோண்டினாள். அரைச் சாக்கு கோரைக்கிழங்கு. கறுப்பு மணி மணியாக, நல்ல வாசனையோடு.

வீட்டுக்கு வந்து வாளியில் ஊறப்போட்டுவிட்டுச் சுகுமாறனுக்குப் போன் அடித்தாள். சனிக்கிழமைகளில் பங்சார், டாமன்சாரா பக்கத்துப் பணக்காரர்கள் காசு கட்டி அவன் வேலிக்குள் வந்து மண்ணில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு ஆள் வேண்டும் என்று அவன் மூன்று தடவை வந்து கேட்டும், மூன்று தடவையும் அவள் கதவைச் சாத்தியிருந்தாள்.

"சுகு, நான் சீதாக்கா பேசறேன். சனிக்கெழம வரவா?"

"அக்கா! வாங்கலா, வாங்க. இப்பதான் ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நான் யாருக்கு செய்யறேன்? நம்ம ஆளுங்களுக்குத்தானே?"

"ஆமாமா. நடறதுக்கு நான் ஒண்ணு கொண்டாரேன்."

"என்னாது?"

"வாசனைக் கெழங்கு. நாட்டு மருந்துக் கடையில வச்சிருப்பான், மஸ்ஜித் இந்தியாவுல போய்க் கேட்டுப் பாரு. அரைச்சி பூசிக் குளிச்சா ஒடம்பே மணக்கும்."

"பேர் என்னா அக்கா? போஸ்டர்ல போடணும்."

"கோரைக்கெழங்கு."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. கூலிக்காரன் பிள்ளையாக இருந்தால் அந்தப் பெயரைக் கேட்டதும் போனைக் கீழே போட்டிருப்பான். மண்டோர் மகன் ஒரு நாளும் காட்டில் குனிந்ததில்லை.

"நல்லா இருக்கே! நாட்டு மூலிகைன்னு போட்டுர்றேன்," என்றான்.

சனிக்கிழமை பச்சை டிஷர்ட் ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டிக்கொண்டாள். தொப்பியும் கையுறையுமாக முப்பது பேர், கையில் போன். சீதாலெட்சுமி பாத்தியின் இரண்டு முனையிலும் குச்சியை ஊன்றிக் கயிற்றைக் கட்டினாள். தோட்டத்தில் எதை நட்டாலும் கயிறு பிடித்து நட்டுப் பழகிய கை. களையை நடுகிற அன்றைக்கும் அந்தக் கைக்கு வேறு விதம் தெரியவில்லை. வந்தவர்கள் கோணல்மாணலாகப் போட்டதையெல்லாம் எடுத்து, சாண் அளந்து, வரியில் வைத்துச் சரி செய்தாள்.

"பாஸ், மொதல்ல நீ வை. சனி மூலையில," என்றாள்.

சுகுமாறன் வெள்ளைச் சப்பாத்து அழுக்காகாமல் மண்டியிட்டு முதல் கிழங்கை வைத்து, கட்டைவிரலை உயர்த்திப் படத்துக்குச் சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சீனப் பெண் சீதாலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க் யூ, ஆன்டி" என்று கண்கலங்கினாள். பாவம், அவள் மேல் சீதாலெட்சுமிக்கு ஒரு கோபமும் இல்லை.

மூன்று பாத்தி நிறைந்தது. போகும்போது சுகுமாறன், "தண்ணி எவ்ளோ ஊத்தணும் அக்கா?" என்று கேட்டான்.

"நல்லா ஊத்து. உரமும் போடு," என்றாள் அவள்.

பத்தாம் நாள் காலையில் பரமேஸ்வரன் சன்னலிலிருந்து கூப்பிட்டான். அவன் தானாக வாய்திறந்தே எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"சீதா, இங்க வா. அந்த மூணு பாத்தியில என்னா வரி வரியா மொளைச்சிருக்கு?"

"பூண்டுத்தாளா இருக்கும்."

"எங்கிட்டயே வெளையாடுறியா? டிராக்டர் மேல உக்காந்து முப்பது வருசம் காட்டப் பார்த்தவன் நான். அது கோரை. கோரை எங்கயாச்சும் கயிறு புடிச்சி மொளைக்குமா?"

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நான்தான் போட்டேன். என்னாங்கிற இப்ப?"

"அடிப்பாவி! அது என் மண்ணுடி. பூவும் நாரும் போட்டு நான் மக்க வச்ச மண்ணு. அதுல போயி..."

"ஒன் மண்ணா? பூட்டு யாருது? சாவி யாரு கையில இருக்கு?"

"மண்ணு என்னாடி பண்ணுச்சி?"

"ஒண்ணும் பண்ணல. நான் என்னா பண்ணேன்? நீ என்னா பண்ண? கால் போயிருச்சேன்னு நீ அழுது நான் பாக்கல, அந்தப் பலகைய ஒடச்ச அன்னிக்கி அழுத. அத நான் பாத்தேன்."

அவன் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கி அது நம்ம கைக்குத் திரும்பி வந்தா?"

"வராது. மண்டோர் வூட்டுக்குப் போனது எது திரும்பி வந்திருக்கு?"

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

ஒரு வாரம் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் கீழே உழுகிற மெஷின் சத்தம். பரமேஸ்வரன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"சீதா! ஓடியா, ஓடியா! மெஷின வுட்டு ஓட்டுறான்டி! கெழங்க வெட்டி வெட்டி எல்லாப் பாத்திக்கும் எறைக்கிறான், மடையன்!"

அவன் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு மீன்குழம்பு ஊற்றி இரண்டாவது தடவை சோறு கேட்டான். அதற்குப் பிறகு தினமும் அதுதான் வேலை. நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு சன்னலுக்குப் போவதும், சமையலறைக்கு வந்து செய்தி சொல்வதும். "இன்னிக்கி கறுப்பு பிளாஸ்டிக் விரிக்கிறான்." "இன்னிக்கி பிளாஸ்டிக்கு ஓட்டை ஓட்டையா குத்திக்கிட்டு வந்திருச்சி." "பங்களாதேஷ் ஆளுங்க பத்துப் பேர வச்சி அறுக்கிறான், அறுறா, நல்லா அறு!" காலில் இருந்த புண்ணும் வறண்டுகொண்டு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷம் அந்த வீட்டை நடத்தியது வஞ்சம்தான். தண்டுக்கீரை அதில் கால்வாசி செய்திருக்காது.

கடைசியில் ஒருநாள் காற்றில் ஒரு வாடை வந்தது. சீதாலெட்சுமி பதினேழு வருஷம் முதுகில் சுமந்த வாடை. சன்னலில் பார்த்தாள். தொட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் பாத்திகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். கையுறையில்லை. அவன் கையைப் பார்த்ததும்தான் முதல்தடவையாக அவள் மனசு சுருக்கென்றது. கீழே ஓடிப்போய் வேலிக்கு வெளியிலிருந்து, "தம்பி, கைக்கு ஒறை போடுய்யா, நகம் போயிரும்" என்று கத்தினாள். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. அவள் தன் கையை வேலிக் கண்ணி வழியாக நீட்டிக் காட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் யாரோ கருகிப்போன பாத்தியைப் படம் எடுத்துப் போனில் போட்டுவிட்டார்கள். மருந்தே தொடாத கீரை என்று பெட்டியில் எழுதியிருந்ததல்லவா? பங்சார் கடை பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தது. இரண்டு வாரத்தில் கோரை திரும்பவும் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. சுகுமாறன் அந்த வேலிப் பக்கம் வரவில்லை. மாசம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. பெர்மிட் புதுப்பிக்கவில்லை என்றார்கள், சங்கத் தலைவர் பதவியையும் விட்டுவிட்டான் என்றார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் கேட்டில் பூட்டு இல்லை.

பிளாட்டே கீழே இறங்கி வந்துவிட்டது. சாந்தமேரி கேட்டைத் தள்ளித் திறந்து சிலுவை போட்டுக்கொண்டாள். நாலு பேர் பரமேஸ்வரனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடைந்து கிடந்த பலகைகளை அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். யாரோ அலமாரியைக் கழுவிவிட்டார்கள். சீதாலெட்சுமி மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சாந்தமேரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்படிடி இவ்ளோ கோரை? மருந்தடிச்சும் இப்படி நிக்கிதே!"

சீதாலெட்சுமி தரையைப் பார்த்தாள்.

"ஏய், சீதா." சாந்தமேரியின் குரல் தாழ்ந்தது. "நர்சரியில எட்டு மாசம் இடுப்பு ஒடிஞ்சது மறந்துருச்சா ஒனக்கு?"

"மறக்கல. அதனாலதான்."

"இனிமே அலமாரிக்குக் கீரை எப்ப வரும்?"

"ஒரு வருசம் ஆகும். நாம குனிஞ்சா."

சாந்தமேரி கேட்டுக்குள் போய்விட்டாள். அந்த நேரம்தான் இராஜம்மா வந்தாள். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. வேலி வந்த நாளிலிருந்து பிளாட்டில் ஒருத்தரும் அவளிடம் பேசுவதில்லை. இராஜம்மா படியில் எதிரே வந்தால் சீதாலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெரிய வீட்டு மகன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான், கார் நிற்கும், போய்விடும். மற்ற ஆறு நாளும் அவள் வீட்டில் என்ன வெந்தது என்று யாரும் கேட்டதில்லை.

"கீரை இல்லியாடி, சீதா?"

"எங்கேர்ந்து வரும்? ஒங்க மவன் காட்டப் போட்டுட்டுப் போயிட்டான்ல. எல்லாம் கோரை."

இராஜம்மா பாத்தியைப் பார்த்தாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புடவையைத் தூக்கிக் கட்டி, முட்டியைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தாள். மண்டோர் பெண்டாட்டி என்றாலும் நர்சரியில் புல் பிடுங்கியவள்தான். அந்த மண்டோர் சொந்தப் பெண்டாட்டிக்கே சலுகை காட்டாதவன். குச்சியால் மண்ணை நெம்பி, தண்டு அறாமல், கிழங்கோடு ஒன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

"என் புள்ள செஞ்சதுக்கு நானாச்சும் நாலு புடுங்குறேன்," என்றாள்.

சீதாலெட்சுமி நின்று பார்த்தாள். சுகுமாறனைப் பெற்றவள் மண்ணில் உட்கார்ந்து, சீதாலெட்சுமி நட்டதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். இதைவிட என்ன வேண்டும்? மனசு குளிர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வரி முழுக்க அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

மெஷின் படாத ஓரத்துக்கு இராஜம்மா நகர்ந்து வந்தாள். அங்கே பழைய வரி அப்படியே இருந்தது. அவள் கை நின்றது. விரலை விரித்துச் சாண் வைத்தாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.

"சாண் தப்பலியே," என்றாள். நிமிர்ந்து பார்த்தாள். "யாருடி கயிறு புடிச்சது?"

சுகுமாறனிடம் பொய் சொல்லாதவள், அவன் தாயிடம் ஏன் சொல்லப்போகிறாள்? "நான்தான். ஒங்க மவன் வேலியப் போட்டான், நான் இதப் போட்டேன். கைதட்டி வாங்கி அவனே மொதக் கெழங்க வச்சான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் திருப்பிக் கொடுக்க ஒரு வருஷத்து வார்த்தை தொண்டையில் இருந்தது. இராஜம்மா திட்டவில்லை.

"அலமாரி காலியா கெடந்துச்சே, அப்ப நான் யார வஞ்சேன் தெரியுமா? அவனப் பெத்த என் வயித்தத்தான் வஞ்சேன். வெறுஞ் சோத்துல உப்பப் போட்டுத் தின்னுக்கிட்டு, ஞாயித்துக்கெழம அவன் வந்தா அக்கம்பக்கத்துல கடன் கேக்க முடியாம, வச்சிருக்கிற ஒரு முட்டைய அவனுக்குப் பொரிச்சிப் போட்டேன். அவன் ஒருநாளு கேக்கல, நீ என்னாம்மா தின்றேன்னு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "அவன் வச்சது எது?"

"சனி மூலையில."

இராஜம்மா எழுந்திருக்காமலே நகர்ந்து நகர்ந்து அங்கே போனாள். குச்சியை ஆழமாக இறக்கித் தோண்டினாள். ஒரு கிழங்கு வந்தது. அதன் வாலைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று, அதைப் பிடித்து இழுத்தால் மூன்றாவது, நாலாவது. இடுப்பிலிருந்து சிவப்புப் பையை உருவி, கீரைக்குக் கொண்டுவந்த அந்தப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"அத எதுக்கு எடுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

"நாளைக்கி ஞாயித்துக்கெழமல்ல. சாப்பிட வருவான். எலையப் போட்டு மொதல்ல இதத்தான் வைப்பேன்."

பரமேஸ்வரன் நாற்காலியில் திரும்பிப் பார்த்தான். சாந்தமேரி பார்த்தாள். சீதாலெட்சுமி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, இராஜம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். நகமில்லாத கட்டைவிரலை மண்ணுக்குள் இறக்கி அடுத்த கிழங்கை எடுத்து, மண்ணைக்கூடத் தட்டாமல், அந்தப் பைக்குள் போட்டாள்.